ஏச்சு நின்ற மதியம்

லேபர் வார்டில் ஒருத்தி உங்களைப் பார்த்து "சவத்து மூதி" என்று ஏசினால், சந்தோஷப்படுங்கள். கோபம் வரும். எனக்கும் ரிட்டயர் ஆகிற வரைக்கும் வந்துகொண்டுதான் இருந்தது. வந்தால் வந்துவிட்டுப் போகட்டும். மனதுக்குள் ஒரு கும்பிடும் போட்டுக்கொள்ளுங்கள். ஏசுவதற்கு மூச்சு வேண்டும், தெம்பு வேண்டும், உடம்பில் ரத்தம் ஒழுங்காக ஓட வேண்டும். இதெல்லாம் இருக்கிறவள்தான் வாய் திறந்து ஏசுவாள்.

புதிதாகச் சேர்ந்திருக்கும் நர்ஸ் பிள்ளைகளுக்கு ஏதாவது எழுதிக் கொடுங்கள் அக்கா என்று ஆஸ்பத்திரியில் கேட்டார்கள். பிரஷர் பார்ப்பது, டிரிப் ஏற்றுவது எல்லாம் உங்களுக்குக் காலேஜில் சொல்லிக் கொடுத்திருப்பார்கள். என்னைவிட நன்றாகவே செய்வீர்கள். அதனால் காலேஜில் சொல்லித் தராத ஒன்றைப் பற்றி எழுதுகிறேன். வசவைப் பற்றி. சிரிக்காதீர்கள். இதைச் சொல்லாமல் விட்டால் எனக்கு ராத்திரி உறக்கம் வராது. ஏற்கெனவே வராது, அது வேறு விஷயம். என் வீட்டுக்காரர் சொல்வார், "உனக்குக் கவலைப்பட ஒண்ணும் இல்லேன்னா அதுக்கும் கவலைப்படுவே" என்று. உண்மைதான். லேபர் வார்டில் வேலை பார்த்தவளுக்குப் பயம் உடம்போடு ஒட்டிய குணம். அது இருந்ததால்தான் நான் சொல்லப்போகிற ஒருத்தி இன்றைக்கு உயிரோடு இருக்கிறாள்.

சங்கரன்கோவில் ஒரு விசித்திரமான ஊர். இங்கே பிரசவத்துக்கு வருகிறவர்களின் ஏச்சைக் கேட்டே எந்தப் பக்கத்து ஆள் என்று சொல்லிவிடலாம். திருவேங்கடம் பக்கத்துக் கரிசல் கிராமங்களிலிருந்து வரும் சில பெண்கள் வீட்டில் தெலுங்கு பேசுவார்கள். டோக்கன் வாங்கும்போது நல்ல தமிழ் பேசியவள், வலி ஏறியதும் புருஷனை "நீ பிண்டம் காக்குலக்கு பெட்டா" என்று ஏசுவாள். உன் பிண்டத்தைக் காக்காய்க்கு வைக்க என்று அர்த்தம். கடையநல்லூரிலிருந்து வந்த ஒருத்திக்கு மாப்பிள்ளை துபாயில். வீடியோ காலில் அவன் முகத்தைப் பார்த்துக்கொண்டே, "முசீபத்து, ஹலாக்காப் போவான்" என்று, பீடை, நாசமாய்ப் போவான் என்று, ஏசிக்கொண்டிருந்தாள். அவன் பாவம், "போனை வச்சிரவா?" என்று கேட்டான். "வச்சியோ, இங்கேயிருந்தே உன்னைய மவுத்தாக்கிருவேன்" என்றாள். கொன்றுவிடுவாளாம். அவன் பிள்ளை அழுகிற சத்தம் கேட்கும்வரை போனை வைக்கவில்லை. செங்கோட்டைக்கு அந்தப் பக்கத்திலிருந்து வாக்கப்பட்டு வந்த ஒரு மலையாளப் பெண், எங்கள் டாக்டரம்மா தலையில் இடித்தீ விழட்டும் என்றாள். டாக்டரம்மா கையுறையை மாட்டிக்கொண்டே, "விழட்டும், முதல்ல தலை வெளிய வரட்டும்" என்றார். பிள்ளையின் தலையைத்தான் சொன்னார்.

நம்ம ஊர்க்காரிகளைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். கரிமுடிவான், கட்டையில போவான், பேதியில போவான், எடுபட்ட பய. பனவடலிசத்திரத்திலிருந்து ஒரு டீச்சர் வந்திருந்தார். அட்மிஷனின்போது எல்லோரையும் "வாங்க, போங்க" என்று பேசியவர். கடைசி வலியில் அவர் விட்ட வார்த்தைகளை நான் இங்கே எழுத முடியாது. மறுநாள் முக்காட்டைப் போட்டுக்கொண்டு, "சிஸ்டர், நான் ஒண்ணும் தப்பாப் பேசலையே?" என்று கேட்டார். "ஒரு வார்த்தை பேசல டீச்சர்" என்றேன். இதெல்லாம் நாம் சொல்ல வேண்டிய பொய்கள்.

கேட்டுக்கேட்டு ஒன்று தெரிந்துகொண்டேன். எல்லா பாஷையிலும் ஏச்சு புருஷனுக்கு, கூப்பாடு அம்மாவுக்கு. எல்லா பாஷையிலும் வசவு என்றால் சாவு, நெருப்பு, இடி, காக்காய். அர்த்தம் தெரியாவிட்டாலும் பரவாயில்லை. அதற்கு ஒரு ராகம் இருக்கிறது, அதைக் கேட்டால் போதும். ராகம் ஏறுகிறதா, இறங்குகிறதா என்று மட்டும் காதை வைத்துக்கொண்டிருங்கள்.

ஆனால் நம் வார்டுகளில் ஒரு கெட்ட பழக்கம் உண்டு. அவள் ஏசினால் நாம் திருப்பி ஏசி அடக்குவோம். "ஏட்டி, வாயை மூடு. பிள்ளை பெக்க வந்தியா, சண்டை போட வந்தியா?" தலைமுறை தலைமுறையாக இது நடக்கிறது. சத்தம் போடாதவள் நல்ல பிள்ளை, சத்தம் போடுகிறவள் அடங்காப்பிடாரி. இந்தப் பழக்கம் ஓர் ஆடித்தபசு அன்று எங்களை எங்கே கொண்டுபோய் நிறுத்தியது என்பதைச் சொல்கிறேன்.

கோமதி அம்மன் தவமிருந்து சாமியின் காட்சி பெறுகிற அந்தத் தபசு அன்றைக்குச் சங்கரன்கோவில் எப்படி இருக்கும் என்று உங்களில் வெளியூர்ப் பிள்ளைகளுக்குத் தெரிந்திருக்காது. பஸ்ஸை எல்லாம் ஊருக்கு வெளியிலேயே நிறுத்திவிடுவார்கள். ரத வீதிக்குள் போனவன் தன் காலால் நடக்க வேண்டியதில்லை, கூட்டமே கொண்டுபோய்விடும். நான் வேலை பார்த்த ஆஸ்பத்திரி டவுனுக்குள் இருந்த சின்ன ஆஸ்பத்திரி. பெயர் இங்கே வேண்டாம். அன்றைக்குக் காலையில் அந்தக் கூட்டத்துக்குள் ஓர் ஆட்டோ ஹாரன் அடித்துக்கொண்டே வந்து நின்றது. அதற்குள்ளிருந்து இறங்கியவள் பபிதா.

பீகார்க்காரி. புருஷன் பெயர் மனோஜ், இங்கே ஒரு விசைத்தறிக் கூடத்தில் வேலை. அவன் வந்து சில வருஷம் ஆகிவிட்டது, நம்ம ஊர்த் தமிழை நம்ம ஊர்க்காரன் மாதிரியே பேசுவான். அவள் கல்யாணமாகி வந்து ஒரு வருஷம்கூட ஆகவில்லை. தமிழில் "வேண்டாம்", "போ" இரண்டும்தான் தெரியும். தலைச்சன் பிரசவம். ஆட்டோவிலிருந்து இறங்கும்போதே ஏச்சு ஆரம்பித்துவிட்டது.

ஆம்பளைகளை உள்ளே விடமாட்டோம். ஆனால் பாஷைக்கு ஆள் வேண்டுமே என்று மனோஜைத் திரைக்கு அந்தப் பக்கம் நிற்க வைத்தேன். அவள் பல்லைக் கடித்துக்கொண்டு, கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டு, நீளமாக ஒன்று சொன்னாள். "முஹ்ஜௌசா" என்று ஒரு வார்த்தை அதில் திரும்பத் திரும்ப வந்தது.

"என்னப்பா சொல்லுதா?"

"சாமி கும்பிடுதா சிஸ்டர்."

"உங்க ஊர்ல எந்தச் சாமியை இப்படிப் பல்லைக் கடிச்சிக்கிட்டுக் கும்பிடுதாவ?"

அவன் தரையைப் பார்த்தான். கொஞ்ச நேரம் கழித்து இன்னொன்று சொன்னாள். "சட்டி கா தூத்" என்று கேட்டது.

"இப்ப என்ன?"

"பால் கேக்கா சிஸ்டர்."

நானும் நம்பி, ஒரு டம்ளர் வெதுவெதுப்பான பால் வாங்கி வரச் சொன்னேன். பாலைப் பார்த்தாள், திரையைப் பார்த்தாள், டம்ளரைத் தட்டிவிடப் போனாள். பிறகு திரைக்குப் பின்னால் நின்றவனை நோக்கி ஒரு பாட்டம் பொழிந்தாள். பக்கத்துக் கட்டிலில் வலியோடு கிடந்த வீரசிகாமணி ஊர்க்காரி அதைக் கேட்டுச் சிரித்துவிட்டாள். "எக்கா, அர்த்தம் புரியல, ஆனா கேக்க நல்லாருக்கு" என்றாள்.

பிற்பாடு மனோஜே எல்லாவற்றையும் ஒத்துக்கொண்டான். முஹ்ஜௌசா என்றால் மூஞ்சி கருகினவன். நம்ம கரிமுடிவானுக்கு ஒன்றுவிட்ட தம்பி. சட்டி என்றால் பிள்ளை பிறந்து ஆறாம் நாள் செய்கிற சடங்கு. அந்த ஆறாம் நாள் குடித்த தாய்ப்பால் உனக்கு ஞாபகத்துக்கு வரும்படி செய்கிறேன் பார் என்பதுதான் அவள் சொன்னது. நம்ம ஊரில் "குடிச்ச தாய்ப்பாலைக் கக்க வச்சிருவேன்" என்போமே, அதேதான். அவர்கள் ஞாபகப்படுத்துகிறார்கள், நாம் கக்க வைக்கிறோம். நான் அதற்குப் பால் வாங்கிக் கொடுத்திருக்கிறேன்!

எனக்கும் கிடைத்தது. டாக்டரம்மாவுக்கும் கிடைத்தது. அன்றைக்கு என்னோடு டூட்டியில் இருந்தவள் ஜெனி, வேலைக்குச் சேர்ந்து ஒரு மாதம்தான். நல்ல பிள்ளை, சுத்தமான வேலை. அவளுக்குத்தான் பபிதாவைக் கண்டால் எரிச்சல். "எக்கா, இவ என்ன இப்படிக் கத்துதா, வெளிய வராண்டாவுல இருக்கவங்க எல்லாம் சிரிக்காங்க" என்றாள். அன்றைக்குத் திருவிழாவுக்கு வந்த சொந்தக்காரர்களும் ஆஸ்பத்திரி வராண்டாவில் நிழலுக்கு உட்கார்ந்திருந்தார்கள். பபிதா ஒவ்வொரு தடவை ஏசும்போதும் வெளியே ஒரு சிரிப்பு அலை எழும்.

மதியத்துக்குப் பிள்ளை பிறந்தது. பெண் பிள்ளை. பிறந்ததும் அது போட்ட சத்தத்தைக் கேட்டு டாக்டரம்மா, "தாயைப் போலப் பிள்ளை" என்றார். எல்லாம் நல்லபடியாக முடிந்தது. டாக்டரம்மா கீழே ஓபி பார்க்கப் போனார். பபிதாவைப் பார்த்துக்கொள்ள ஜெனி இருந்தாள். நான் டூட்டி ரூமில் போய்த் தயிர்சாதப் பாத்திரத்தைத் திறந்தேன்.

வெளியே ஊரே இரைந்துகொண்டிருந்தது. மைக் செட், நாதஸ்வரம், பலூன்காரனின் பீப்பி, குலவை. அவ்வளவு சத்தத்திலும் எனக்கு ஏதோ சரியில்லை என்று பட்டது. முதலில் என்னவென்று பிடிபடவில்லை. ஓடுகிற மின்விசிறி நின்றால் அப்புறம்தானே சத்தம் இருந்தது தெரியும், அதுபோல. பிறகு புரிந்தது. காலையிலிருந்து காதில் விழுந்துகொண்டே இருந்த ஏச்சு இல்லை.

"ஏட்டி ஜெனி, அந்தப் பீகார்ப் பிள்ளை என்ன செய்யுது?"

ஜெனி கதவில் வந்து நின்றாள். முகத்தில் ஒரு பெருமை. "உறங்கப் போறா அக்கா. பிள்ளை பிறந்த பிறகும் வாய் ஓயல, நான் போட்ட போடுல அடங்கிட்டா. அவ வீட்டுக்காரரும் கெஞ்சினாரு. இப்ப எவ்வளவு மரியாதையா இருக்கா தெரியுமா? தண்ணி கேட்டா. குடுத்தேன். கையெடுத்துக் கும்பிட்டா."

"கும்பிட்டாளா?"

"ஆமாக்கா. தீதின்னு கூப்பிட்டா. அக்கான்னு அர்த்தமாம்."

காலையில் என்னை என்னென்னவோ ஏசியவள், பால் டம்ளரைத் தட்டிவிடப் பார்த்தவள், இப்போது கையெடுத்துக் கும்பிடுகிறாள் என்றால் அது நம்ம ஜெனி போட்ட போட்டில் வந்த மரியாதை இல்லை. சோற்றைப் போட்டுவிட்டு, கையைக்கூடச் சரியாகக் கழுவாமல் ஓடினேன்.

"ப்ளீடிங் இல்லக்கா, நான் பார்த்தேன்" என்று ஜெனி பின்னாலேயே வந்தாள். அவள் சொன்னது பொய் இல்லை. விரிப்பு சுத்தமாகத்தான் இருந்தது. ஆனால் பபிதாவின் உதடு வெளுத்திருந்தது. நெற்றியில் வேர்வை, தொட்டால் சில்லென்று இருந்தது. நாடி பிடித்தேன். நூல் மாதிரி, பிடிக்கு நிற்காமல் ஓடிக்கொண்டிருந்தது. என்னைப் பார்த்து மெதுவாகச் சிரித்து, "தீதி, பானி" என்று தண்ணீர் கேட்டாள். வயிற்றில் கை வைத்ததும் தெரிந்துவிட்டது. ரத்தம் வெளியே வரவில்லை, உள்ளேயே சேர்ந்துகொண்டிருந்தது.

"டாக்டரம்மாவைக் கூப்பிடு. ஓடு!"

ஜெனி ஓடினாள். படியில் அவள் செருப்பு ஒன்று கழன்று உருண்டது எனக்குக் கேட்டது.

அதற்குப் பிறகு நடந்த மருத்துவமெல்லாம் உங்களுக்குத் தெரியும், அதை விடுங்கள். மருந்து கொடுத்தோம், கையால் அழுத்தினோம், செய்ய வேண்டியதெல்லாம் செய்தோம். கொஞ்சம் நிற்பதுபோல் நின்று மறுபடியும் சேர்ந்தது. டாக்டரம்மாவுக்கு இரண்டே வழி. திருநெல்வேலிக்கு அனுப்புவது, இல்லையென்றால் இங்கேயே வயிற்றைத் திறந்து ஆபரேஷன் செய்வது. திருநெல்வேலியில் எல்லா வசதியும் உண்டு. ஆனால் அன்றைக்குத் தபசு. ஆம்புலன்ஸ் டிரைவர் வெளியே போய்ப் பார்த்துவிட்டு வந்து, "டாக்டரம்மா, இங்கனயிருந்து மெயின் ரோடு வரைக்கும் ஒரே தலையாத்தான் தெரியுது. வண்டி நகரும்னு நிச்சயம் இல்ல" என்றார்.

டாக்டரம்மா ஜன்னல் வழியாக வீதியை எட்டிப் பார்த்தார். அனுப்பி, வழியில் ஏதாவது ஆனால் யாரும் கேட்க மாட்டார்கள். பெரிய ஆஸ்பத்திரிக்குத்தானே அனுப்பினார் என்று போய்விடும். இங்கே திறந்து ஏதாவது ஆனால் அவர் தலைதான் உருளும். திரும்பி என்னைப் பார்த்தார்.

"சிஸ்டர், நீங்க என்ன சொல்லுதீங்க?"

பிள்ளைகளே, ஒரு நாள் உங்களையும் இப்படிக் கேட்பார்கள். "நீங்க சொல்றபடி மேடம்" என்று தப்பித்துக்கொள்ள நாக்கு துடிக்கும். தப்பிக்காதீர்கள். கேட்கிறவர் அந்த நேரத்தில் தனியாக நிற்கிறார், அதனால்தான் கேட்கிறார். எனக்கும் தப்பிக்கத்தான் தோன்றியது. இருந்தாலும் சொன்னேன்.

"வழியில கூட்டத்துக்குள்ள நின்னுட்டா அவளுக்கு யாருமே கிடையாது டாக்டரம்மா. இங்கனன்னா நாமாவது இருக்கோம்."

"சரி, தியேட்டரை ரெடி பண்ணுங்க" என்றார்.

மயக்க டாக்டருக்குப் போன் போனது. அவர் காரை எங்கேயோ விட்டுவிட்டு, முன்பின் தெரியாத ஒருவனின் பைக்கில் பாதி தூரமும் நடையாகப் பாதி தூரமும் வந்து சேர்ந்தார். மனோஜோடு தறியில் வேலை பார்க்கிற இரண்டு பேர் ரத்தம் வாங்க முடுக்குச் சந்துகளில் புகுந்து போனார்கள். அதெல்லாம் வந்து சேரும்வரை பபிதாவை விழிப்பாக வைத்திருக்க வேண்டும். அவளோ கண்ணை மூடி மூடித் திறந்தாள். கன்னத்தைத் தட்டினேன், பெயர் சொல்லிக் கூப்பிட்டேன். அவள் பாஷையில் எனக்கு வேறு என்ன தெரியும்? காதருகே குனிந்து, "முஹ்ஜௌசா!" என்று கத்தினேன்.

கண் திறந்தது. நான் திரைப் பக்கம் கையைக் காட்டி, "மனோஜ் முஹ்ஜௌசா!" என்றேன். அவள் உதடு லேசாகக் கோணியது. வாய்க்குள்ளேயே, "தஹிஜரா" என்றாள். தாடி எரிந்தவன் என்று அர்த்தமாம். அப்போது எனக்கு அர்த்தம் யாருக்கு வேண்டும்! "கரிமுடிவான்" என்றேன். அவள் இன்னொன்று சொன்னாள். "கட்டையில போவான்" என்றேன். மறுபடி அவள். இரண்டு பேரும் சேர்ந்து அந்த மனோஜை எத்தனை பாஷையில் எரித்தோம், புதைத்தோம் என்று கணக்கில்லை. ஜெனி டிரிப் பாட்டிலைப் பிடித்துக்கொண்டு அழுதபடியே, தன் பங்குக்கு, "எடுபட்ட பய" என்றாள். ஒவ்வொரு தடவையும் பபிதாவின் பதில் வரக் கொஞ்சம் கூடுதல் நேரம் ஆனது. குரல் இறங்கிக்கொண்டே போனது. அதற்குப் பிறகு, "பேதியில போவான்" என்று நான் சொன்னதற்குப் பதில் வரவே இல்லை.

தியேட்டர் கதவு திறந்தது. தள்ளிக்கொண்டு ஓடினோம்.

கொஞ்ச நேரத்தில் டாக்டரம்மா என்னை வெளியே அனுப்பினார். கர்ப்பப்பையை எடுக்க வேண்டியிருக்கலாம், வீட்டுக்காரரிடம் சொல்லிச் சம்மதம் வாங்கி வாருங்கள் என்றார். மனோஜ் வராண்டாவில் சுவரோடு சுவராக நின்றுகொண்டிருந்தான். கையில் போன். அந்தப் பக்கத்திலிருந்து ஒரு பொம்பளைக் குரல்.

"யாருப்பா?"

"பபிதாவோட அம்மா, சிஸ்டர். ஊர்ல இருந்து."

அந்த அம்மா ஏதோ கேட்டாள். மனோஜ் ஏதோ சொன்னான். சொன்னதுதான் தாமதம், போனுக்குள்ளிருந்து ஓர் ஓலம் கிளம்பியது. வராண்டாவில் காலையில் சிரித்துக்கொண்டிருந்த அத்தனை பேரும் வாயை மூடிக்கொண்டார்கள்.

"என்னல சொன்ன அவங்ககிட்ட?"

அவன் முகம் கோணிப்போய்விட்டது. "அவங்க வேற ஒண்ணுமே கேக்கல சிஸ்டர். ஏசுதாளான்னு கேட்டாங்க. இல்லம்மா, இப்ப அமைதியா இருக்கான்னு சொன்னேன். பயப்படக் கூடாதேன்னுதான் சொன்னேன்."

தன் மகள் ஏசாமல் கிடந்தால் என்ன அர்த்தம் என்று ஆயிரம் மைலுக்கு அந்தப் பக்கம் இருக்கிற தாய்க்கு நான் விளக்க வேண்டியதில்லை. என் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. துடைத்துக்கொண்டு அவனிடம் விஷயத்தைச் சொன்னேன். இனிமேல் பிள்ளை இல்லாமல் போகலாம் என்பதையும் மறைக்காமல் சொன்னேன். அவன் யோசிக்கவே இல்லை.

"அவ இருந்தாப் போதும் சிஸ்டர். எங்க போடணும் கையெழுத்து?"

போட்டுவிட்டு, "ஆனா அவகிட்ட இதை யாரு சொல்லுவா?" என்று கேட்டான்.

"முதல்ல அவ கண்ணைத் திறக்கட்டும் மக்கா" என்றேன்.

உள்ளே போய்விட்டேன். ஆபரேஷன் நடக்கும்போதே தபசுக் காட்சி நேரம் வந்துவிட்டது போல. வெளியே அத்தனை ஜனமும் ஒரே குரலில் எழுப்பிய சத்தம் சுவரைத் தாண்டி வந்தது. ஊசி முனையில் நின்று தவம் செய்தவளே, தாயே கோமதி, உனக்குத் தெரியாத வேதனையா, இந்தப் பிள்ளையைக் கைவிட்டுவிடாதே என்று கருவிகளை எடுத்துக் கொடுத்துக்கொண்டே வேண்டிக்கொண்டேன். டாக்டரம்மாவும் வேண்டிக்கொண்டிருந்தார் என்றுதான் நினைக்கிறேன். கர்ப்பப்பையை எடுக்க வேண்டித்தான் வந்தது. நாடி மெல்ல மெல்ல நிதானத்துக்கு வந்தபோது டாக்டரம்மா தலையைத் தூக்கி என்னைப் பார்த்தார். அவர் முகக்கவசம் நனைந்திருந்தது.

ஜெனி டூட்டி ரூமில் உட்கார்ந்து தேம்பித் தேம்பி அழுதாள். "நான்தான் அக்கா அவளை அடக்கினேன். அடங்கிட்டான்னு சந்தோஷப்பட்டேன்." நான் அவளை ஏசவில்லை. அவள் விரிப்பைப் பார்த்தாள், செய்ய வேண்டியதைச் செய்தாள். காதைத்தான் அடைத்து வைத்திருந்தாள். அந்தக் காதை அடைத்தது அவள் மட்டும் இல்லை. சத்தம் போடாதவள் நல்ல பிள்ளை என்று அவளுக்கு முன்னால் வேலை பார்த்த எங்கள் எல்லோருடைய வாயும்தான் அடைத்தது. இப்போது ஜெனி வேறொரு ஊரில் லேபர் வார்டைப் பார்க்கிறாள். அங்கே யாரும் யாரையும் வாயை மூடு என்று சொல்லக் கூடாதாம். வார்டு சந்தைக்கடை மாதிரி இருக்கிறது அக்கா என்று போனில் சொல்கிறாள். இருக்கட்டும், இருக்கட்டும் என்கிறேன்.

அதனால் நீங்களும் ஏசுகிறவளுக்குப் பயப்படாதீர்கள். அவள் சொல்லும் வார்த்தையை மனதில் வைத்துக்கொள்ளவும் வேண்டாம். பயப்பட வேண்டியது, ஏசிக்கொண்டிருந்தவள் உங்களுக்கு நன்றி சொல்லும்போது. சும்மா இருக்கிற சுபாவக்காரிகளும் உண்டு, அவர்கள் வேறு. வந்தபோது எப்படி இருந்தாள், இப்போது எப்படி இருக்கிறாள், அதுதான் கணக்கு. அதற்கு, வந்தபோது எப்படி இருந்தாள் என்று நீங்கள் பார்த்திருக்க வேண்டும். பாதிப் பேர் பார்ப்பதே இல்லை.

இதோடு முடித்திருக்கலாம். ஆனால் பபிதாவிடம் யார் சொன்னது என்று நீங்கள் கேட்பீர்கள்.

நான்தான் சொன்னேன். அவள் தலையணையில் சாய்ந்து உட்கார்கிற அளவுக்குத் தேறிய பிறகு ஒரு காலையில் சொன்னேன். பாஷைக்கு மனோஜ் வேண்டுமே. அவன் மாட்டேன், மாட்டேன் என்றான். "என்னைக் கொன்னுருவா சிஸ்டர்." எனக்கும் உள்ளுக்குள் உதறல்தான். கத்துவாளோ, தையல் பிரிந்துவிடுமோ, பிள்ளையைத் தள்ளிவிடுவாளோ என்று ராத்திரியெல்லாம் நினைத்து வைத்திருந்தேன். ஆனாலும் அவன் கையைப் பிடித்து இழுத்து வந்து கட்டில் பக்கத்தில் நிறுத்தினேன்.

"இந்தா பாரு, நான் சொல்லுததை அப்படியே சொல்லணும். அன்னைக்கு மாதிரி பால், சாமின்னு ஏதாவது மாத்திச் சொன்னே, நானே உன்னைய ஏசுவேன்."

நான் ஒவ்வொரு வாக்கியமாகச் சொன்னேன். அவன் ஒவ்வொரு வாக்கியமாகச் சொன்னான். எனக்கு அவன் பாஷை தெரியாது. ஆனால் இந்தத் தடவை அவன் எதையும் மாற்றவில்லை என்பது அவன் குரலிலேயே தெரிந்தது. கடைசி வாக்கியத்தைச் சொல்லும்போது குரல் உடைந்தது.

நான் ஏச்சுக்காகக் காத்திருந்தேன். வரட்டும், எல்லாவற்றையும் கொட்டட்டும், எனக்கும் சேர்த்துக் கொட்டட்டும் என்றிருந்தது. பபிதா பக்கத்தில் கிடந்த பிள்ளையைப் பார்த்தாள். ஜன்னலைப் பார்த்தாள். அவள் கண்ணிலிருந்து தண்ணீர் இறங்கி மூக்கோரமாக வழிந்தது, அதைத் துடைக்கவும் இல்லை. பிறகு மனோஜைப் பார்த்தாள். தபசு அன்று போட்டிருந்த அதே சட்டை. சவரம் செய்யாத முகம். கண் உள்ளே போயிருந்தது. தலையைக் குனிந்துகொண்டு, அடிக்குக் காத்திருப்பவனாக நின்றான்.

அவள் ரொம்ப மெதுவாக ஏதோ ஒன்று கேட்டாள். இரண்டே வார்த்தை. மனோஜ் அப்படியே தரையில் உட்கார்ந்து, தோளில் கிடந்த துண்டால் முகத்தை மூடிக்கொண்டு ஓவென்று அழுதான். அத்தனை நாளில் அவன் அழுது நான் பார்த்தது அப்போதுதான்.

"என்னப்பா கேட்டா? என்ன கேட்டா, சொல்லு!"

துண்டை எடுக்காமலே சொன்னான். "சாப்பிட்டியான்னு கேக்கா சிஸ்டர்."

எனக்குத் திக்கென்றது. சட்டென்று அவள் கையைப் பிடித்து நாடி பார்த்தேன். நன்றாகத்தான் அடித்துக்கொண்டிருந்தது.